நெற்றி விளக்குக்குத் தெரியாத விரிசல்

மார்ச் 4

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஆபீசில் பேசினால் பொறாமை என்கிறார்கள். வீட்டில் பேசினால் புலம்பல். இங்கேயாவது எழுதுகிறேன்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன்தான் இப்போது எனக்கு மேலதிகாரி. வயதில் சின்னவன், படிப்பிலும் ஒரு பட்டம் குறைவு. குடிநீர்ச் சுரங்கத்தைக் காலி செய்து பழுது பார்க்கிறோம். இருபத்தைந்தாம் தேதி மறுபடி தண்ணீர் விட வேண்டும். உள்ளே போகும் எல்லோருக்கும் நெற்றி விளக்கு வாங்கியிருக்கிறான். கை விளக்கும் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததைப் படிக்கவே இல்லை.

"ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும்ல, சார்?"

ஆபீசில் நான் சார். கோபம் வந்தால் அண்ணன்.

மார்ச் 6

குழாய் மூட்டுகளை இறுக்க நெற்றி விளக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வெளிச்சம் கண்ணோடு சேர்ந்தே போகிறது. நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. சுவர் காகிதம் மாதிரி தட்டையாகத் தெரிகிறது.

மதியம் நெற்றி விளக்கின் பேட்டரி தீர்ந்துபோனது. என் சொந்தக் கை விளக்கை எடுத்துத் தரையில் வைக்கக் குனிந்தேன். வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போனது. அதுவரை இல்லாத கோடு ஒன்று இருந்தது. இடுப்பு உயரத்தில் தொடங்கி மேல் வளைவு வரை. அதற்குக் கீழே சுவர் வயிறு போலப் புடைத்திருந்தது.

விளக்கைத் தூக்கி நேராக அடித்தேன். வெற்றுச் சுவர். தாழ்த்தினேன், கோடு. தூக்கினேன், இல்லை.

நேருக்கு நேர் பார்த்தால் மறைந்துகொள்கிறது. என்ன இது?

மார்ச் 7

தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் கோடு.

மார்ச் 9

எங்கள் குழாய் ஃபிட்டரை அழைத்துப் போனேன். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன். "என்ன சார், சுவருக்கு மசக்கையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவன் நெற்றி விளக்கை அணைக்கச் சொல்லி, கை விளக்கைத் தாழ்த்திக் காட்டினேன்.

சிரிப்பு நின்றது. "மூச்சு விடுற மாதிரி இருக்கு சார்."

"என் கை நடுங்குதுப்பா, அதான் நிழல் ஆடுது" என்றேன். விளக்கைத் தரையில் வைத்தேன். இருவரும் தொடாமல் நின்றோம்.

நிழல் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

வரும் முன் கோட்டின் குறுக்கே, ஸ்கேல் வைத்து, சாக்பீஸால் நேராக ஒரு கீறல் போட்டேன்.

மார்ச் 12

கீறலின் வலது பாதி இறங்கியிருக்கிறது. நகத்தின் அகலம் இருக்கும்.

மார்ச் 13

சகலையை உள்ளே கூட்டிப் போனேன். ஃபிட்டரும் வந்தான். சகலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராகப் பார்த்தான். "எங்கே சார்?" நான் கை விளக்கைத் தாழ்த்தினேன், அவன் நெற்றி வெளிச்சம் நிழலை விழுங்கிவிட்டது.

"அதை அணைப்பா."

"இருட்டுல உங்க கூட நிக்கிறதா? வேணாம்ணே."

சாக்பீஸ் கீறலைக் காட்டினேன். "கோணலா போட்டது நீங்க, பழி சுவருக்கா?" ஃபிட்டரைப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியல சார்" என்று பூட்ஸைப் பார்த்தான். சம்பளம் கொடுக்கிறவன் பக்கம் நிற்கிறான். நிற்கட்டும், மறக்க மாட்டேன்.

வெளியே வரும்போது சகலை தணிந்த குரலில் சொன்னான்: "நாற்காலி கிடைக்கலைன்னு ஊருக்கே தண்ணியை நிறுத்தச் சொல்றீங்களேண்ணே."

மார்ச் 15

"ஏங்க, நெஜமாவே விரிசல் இருக்கா? இல்ல, அவர் மேல உள்ள கோபமா?" மனைவி கேட்டாள். எனக்கே தெரியவில்லையோ?

சாயங்காலம் அந்தச் சுவருக்கு நேர் மேலே உள்ள தெருவுக்குப் போனேன். கீழே தையல் கடை, மாடிகளில் குடித்தனங்கள். தையல்காரர் தோளால் கதவை முட்டிக்கொண்டிருந்தார். "ஒரு வாரமா சாத்த மாட்டேங்குது சார். மழைகூட இல்ல."

மாடியில் ஒருத்தி தன் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அங்கே என்னால் நிற்க முடியவில்லை. சுரங்கத்தில் தண்ணீர் ஏறினால் சுவரின் அந்த வயிறு என்ன ஆகும்?

மார்ச் 16

தலைமைப் பொறியாளருக்குக் கடிதம் தட்டச்சு செய்தேன். நாலு பக்கம் வந்தது. சகலையைப் பற்றி இருந்ததையெல்லாம் நீக்கினேன். அரைப் பக்கம் மிஞ்சியது. எந்த இடம்; நெற்றி விளக்கை அணைத்துவிட்டுக் கை விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும்; சாக்பீஸ் கீறல்; மேலே தையல் கடைக் கதவு. அவ்வளவுதான்.

அடியில் பெயரையும் பட்டங்களையும் போட்டேன். பிறகு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதவி உயர்வு பற்றி இந்தப் பெயரில் அவருக்குப் போன புகார்கள் கொஞ்சமா? இதைக் கண்டதும் 'மறுபடியும் இவரா' என்று ஓரமாக வைத்துவிடுவார். சுவர் அவர் கண்ணில் படாது, நான்தான் படுவேன்.

பெயர் இல்லாவிட்டால் விஷயத்தைப் படிப்பார்; பார்த்துவர, பொறுப்பில் இருக்கும் சகலையைத்தான் அனுப்புவார். உத்தரவு என்றால் அவன் விளக்கைத் தாழ்த்தித்தான் ஆக வேண்டும். பார்த்துவிட்டுத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்வான். கைதட்டுவார்கள். வாங்கித் தொலைக்கட்டும்.

பெயர் இருந்த பகுதியைக் கத்தரித்தாகிவிட்டது. தபால் பெட்டிக்குப் போகிறேன்.