கஸ்தூரியின் புளியமரம்

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை.

கஸ்தூரி வழிக்கு அடையாளம் வைத்திருந்த புளியமரத்தை இடஒதுக்கீட்டு மறியலுக்காக வெட்டி, இழுத்துப்போய்ப் பாலத்தருகே போட்டுவிட்டார்கள். இது அநியாயம்.

அவளுக்கு எட்டு வயது. பேச்சும் படிப்பும் மற்றப் பிள்ளைகளைப் போல வராது. வடக்கனந்தலிலிருந்து என் வகுப்புக்குத் தனியாக நடந்துவர ஒரு வருஷம் பழக்கினேன். மரத்தைத் தொட வேண்டும், சோற்றுக்கை பக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் பாடம். இன்று பாலத்தருகே மரம் கிடந்த இடத்தில் அதைத் தொட்டுவிட்டு, சோற்றுக்கை பக்கமே திரும்பியிருக்கிறாள். அங்கே இருப்பது வாய்க்கால். களை எடுத்த பெண்கள் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். நான் சொல்லிக்கொடுத்ததில் அவள் எதையும் தவறவிடவில்லை.

அவள் அப்பா கோவிந்தன் சத்தம் போடவில்லை. "போதும் டீச்சரம்மா, வூட்டுலயே இருக்கட்டும். நான் கூலிக்குப் போவேனா, இத்தத் தேடிக்கினு இருப்பேனா?" என்றார்.

மரம் வெட்டிய ஏழுமலையிடம் போனேன். என்னைப் பாட்டி முறை வைத்துக் கூப்பிடுகிறவன்.

"இன்னா ஆயா, ஒரு மரத்துக்கா இவ்ளோ தூரம் வந்த? நம்ம புள்ளைங்க படிப்புக்குத்தான இதெல்லாம்?"

"கஸ்தூரி யார் வூட்டுப் புள்ளடா?"

அவன் அரிவாளைத் துடைத்தான். அவர்கள் கேட்பது நியாயம்தான். அதற்காக நான் விடமாட்டேன்.

ஏழுமலை பழைய இடத்தில் நிற்கும் அடிமரத்தையாவது பிடுங்காமல் விட வேண்டும். நான் அதற்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கோவிந்தன் இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். கஸ்தூரி குனிந்து தொடப் பழக வேண்டும்.