விழுந்த அன்று இருந்தபடி

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார் என்றாய். அதனால் எழுதுகிறேன்.

நீர்த்தேக்கம் வற்றியதில், அன்று அத்தானோடு விழுந்த விமானம் வெளியே தெரிந்து, மேலே தூக்கிவிட்டார்கள். இப்போது எங்கள் அருங்காட்சியகப் பட்டறையில், என் மேஜைக்கு எதிரேயே கிடக்கிறது. மூக்கு நசுங்கி, இறக்கை முழுக்கச் சேறு. முதல் நாள் என்னால் கிட்டப் போகவே முடியவில்லை.

இந்த ரகத்தில் மிஞ்சியது இது ஒன்றுதான் என்று இயக்குநர் தலைகால் புரியாமல் ஆடுகிறார். புத்தம் புதிதாக நிற்க வேண்டுமாம். பிள்ளைகள் ஏறிக் கைப்பிடியை ஆட்டினால் இறக்கை அசைய வேண்டுமாம். விழுந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே வைப்பதுதான் உண்மை என்று நான் மல்லுக்கு நிற்கிறேன். உனக்கு எது வேண்டும், சொல்.

தம்பி

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

அப்படியே இருக்கட்டும். பெயின்ட் அடித்து மினுக்க அது என்ன வீட்டுக் கதவா? கிழிந்த இருக்கையைக்கூடத் தைக்காதே.

அன்று விசாரணையில் பார்ப்பதற்கு விமானமே இல்லை, தண்ணீருக்கடியில் கிடந்தது. தலைமை மெக்கானிக் என்று அப்பா போய் நின்று, "மாப்பிள்ளை வித்தை காட்டறேன்னு ரொம்ப சாய்ச்சுட்டார்" என்று சொன்னார். அதோடு முடிந்தது. அப்போது வயிற்றில் இருந்தவள் இன்று கல்லூரிக்குப் போகிறாள். போன வாரம் என்னிடம், "அப்பா சீன் போட்டுத்தானே செத்தாரு?" என்கிறாள். தாத்தா சொல்லி வளர்த்த கதை. நானும் மறுத்ததில்லை. உன் அத்தான்மேல் எனக்கும் அவ்வளவு கோபம். அவர் படத்தை நடுவீட்டில் மாட்டவேயில்லை.

அப்பா நன்றாக இருக்கிறார். மாத்திரை போடத்தான் டிமிக்கி கொடுக்கிறார். நீ எப்போதாவது தலையைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்து படி. அத்தான்மேல் எந்தத் தப்பும் இல்லை.

இருக்கைக்கு அடியில் பலகையைக் கழற்றினேன். கைப்பிடியிலிருந்து இறக்கைகளுக்குப் போகும் இரண்டு கேபிள்களும் இடம் மாறி, குறுக்கே போயிருக்கின்றன. இடப்பக்கம் தள்ளினால் விமானம் வலப்பக்கம் சாயும். நிமிர்த்தப் பார்க்கப் பார்க்க இன்னும் மோசமாகும். அத்தான் வித்தை காட்டவில்லை அக்கா. கடைசிவரை நிமிர்த்தத்தான் பார்த்திருக்கிறார்.

அன்று காலைதான் கேபிள் மாற்றினார்கள். அப்பாவுக்கு உதவியாளாக இருந்த நெட்டையன் மாட்டியிருப்பான். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான், இனி யாரைப் போய்க் கேட்பது? இதோடு புகைப்படம் வைத்திருக்கிறேன். மகளிடம் காட்டு.

தம்பி

ஜூலை 10

தம்பிக்கு,

படித்துவிட்டு வாய்விட்டு அழுதேன். அவர் படத்தைத் துடைத்து நடுவீட்டில் மாட்டினேன். மகள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

பிறகு நீ அனுப்பிய படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மாட்டிய இடம் கழலாமல் இருக்கக் கம்பியை முறுக்கிக் கட்டியிருக்கிறது. அந்தக் கம்பியின் முனை சின்ன வளையமாக உள்பக்கம் மடங்கியிருக்கிறது.

என் வீட்டுத் துணிக்கொடியிலும் அதே வளையம். மகளின் முதல் சைக்கிள் கூடையிலும் அதே வளையம். "புள்ளைங்க கைய கீறிடும்மா" என்று சொல்லி முனையை மடிப்பவர் யார்? நெட்டையன் வெட்டிவிட்டு அப்படியே போய்விடுவான், அதற்காகவே அவன் தினம் திட்டு வாங்குவான். நாம் இருவரும்தானே கேட்டிருக்கிறோம்?

நீ அதைக் கையால் தொட்டவன். உனக்குத் தெரியாமல் இருக்குமா?

அக்கா

ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

தொட்டதுமே தெரிந்தது. எப்படி உனக்கு எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அப்பாவுக்கே தெரியாமல் நடந்திருக்கும். இத்தனை வயதுக்குமேல் இதைப் போட்டு உடைத்து என்ன ஆகப்போகிறது? இயக்குநர் கேபிளை நேராக்கச் சொல்கிறார். ஒரு காலை வேலைதான். அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியாது. அப்படியே வைக்கவேண்டும் என்று கத்தியவன் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் நம் அப்பா. நீ சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

தம்பி

ஜூலை 24

தம்பிக்கு,

சாப்பாடு போட்டுவிட்டு, நீ அனுப்பிய படத்தை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன்.

"வண்டி ஏறி சாஞ்சப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார். "சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும். உன்னையும் வயித்துல இருந்ததையும் யாரு பாத்திருப்பா?"

பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தார்.

அவர் எங்களைப் பார்த்துக்கொண்டது பொய்யில்லை. ஆனால் செத்தவரின் மகளிடமே அவரைப் பற்றி இத்தனை வருஷமும் அப்படிச் சொன்னாரே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. இனி ஒரு வேளைகூட அவருக்குத் தட்டு வைக்க எனக்கு மனசு வராது.

கேபிளைத் தொடாதே. அந்தக் கம்பியையும் தொடாதே. விழுந்த அன்று இருந்தபடியே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒரு நாற்காலி போட்டு அதன் எதிரில் உட்கார வை. பார்த்து முடித்ததும் உன் வீட்டுக்கு அழைத்துப் போ. துணிமணி, மாத்திரை எல்லாம் கட்டிவிட்டேன். இரவு மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைப்பார், விழுங்கினாரா என்று பார்.

அதற்கப்புறம் கடிதம் எழுத வேண்டாம், போனிலேயே பேசு. ஒட்டுக்கேட்க இந்த வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

அக்கா