நான்கு பீப்பாய்களும் தெளியவில்லை

லிபொவா,
செப்டம்பர் 2

அன்புள்ள ஹெத்விகா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுகிறோம், எதுவானாலும் எழுது என்று நீதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

பீர் தெளியவில்லை. நம் பெண் அபொலேனாவின் கல்யாணத்துக்காகக் காய்ச்சிய நான்கு பீப்பாய்களும் ஒரே மாதிரி. கோப்பையில் பிடித்து ஜன்னலோரம் தூக்கினால் பார்லி கழுவிய தண்ணீர்தான். காய்ச்சியதில் தப்பு நடந்ததாகத் தெரியவில்லை. பார்லி மால்ட் நாம் எப்போதும் வாங்கும் கடையில் வாங்கியது. புளித்து அடங்கும்வரை அவசரப்படவில்லை. பிறகு எஃகுப் பீப்பாய்களுக்கு மாற்றி, நிலவறையில் குளிரவைத்து, கேஸும் ஏற்றினேன். பக்கத்து வீட்டு ஹினெக் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்னடா, பொண்ணு கல்யாணத்துக்கு மோரா ஊத்தப்போற?" என்கிறான்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே, பீரைக் கொண்டு வரட்டும்" என்று அபொலேனா சொன்னதாக எழுதியிருந்தாய். குத்திக்காட்டத்தான் அப்படிச் சொன்னாள், அது எனக்கும் தெரியும். ஆனால் அதைத் தவிர எனக்கு வேறு அழைப்பு வரவில்லை. பீர் இல்லாமல் அங்கே என்ன சொல்லிக்கொண்டு வந்து நிற்பேன்? சம்பந்தி யாரோமிர் பீர் ஆலையில் வடிகட்டும் பிரிவில் இருப்பவர். குடிப்பதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கித்தான் பார்ப்பார்.

நாம் சேர்ந்து காய்ச்சிய காலத்தில் அடுப்பு என்னுடையது, குற்றம் கண்டுபிடிப்பது உன்னுடையது. எங்கே தப்பு என்று சொல்.

லுபோர்


புர்னோ,
செப்டம்பர் 5

லுபோர்,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். அபொலேனாவுக்குத் தையற்காரியோடு சண்டை, மற்றபடி அவளும் நலம்.

குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை என்று எழுதியிருக்கிறாய். நாம் சேர்ந்து இருந்த வீட்டில் குற்றத்துக்குக் குறைவே இல்லை.

நான் கேட்பதற்கு நேராகப் பதில் எழுது. ஒரு கோப்பை பிடித்து அறையின் சூட்டில் வைத்துப் பார். சூடு ஏறியதும் தெளிந்தால் அது குளிரில் வரும் மூட்டம், பயப்பட ஒன்றும் இல்லை. தெளியாவிட்டால் ஈஸ்ட் மிதக்கிறது, அல்லது கெட்டுப்போய்விட்டது. கெட்டிருந்தால் நாக்கு சொல்லிவிடும். புளிக்கிறதா? வெண்ணெய் காறியது போல இருக்கிறதா? பார்த்ததை எழுதாதே, குடித்துப் பார்த்து எழுது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஜன்னலோரம் தூக்கிப் பார்த்தாயே, அது அன்றைக்கு எத்தனையாவது கோப்பை? கலங்கியிருந்தது பீரா, உன் கண்ணா? நிச்சயதார்த்தத்தன்று நீ கேக்கின் மேல் சரிந்து விழுந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

ஆலையிலிருந்தே பீர் அனுப்புகிறேன் என்று யாரோமிர் சொல்லியிருக்கிறார். இருபதாம் தேதிக்குள் பதில் வேண்டுமாம். அதற்குள் உன் பீர் தெளியவில்லை என்றால் சரி என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு நீ வருவதும் வராததும் அபொலேனாவின் விருப்பம். நான் நடுவில் பேச மாட்டேன்.

ஹெத்விகா


லிபொவா,
செப்டம்பர் 9

அன்புள்ள ஹெத்விகா,

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன்.

அறையின் சூட்டில் வைத்தேன், தெளியவில்லை. மேலே ஆடை எதுவும் கட்டவில்லை. மோந்து பார்த்தால் ரொட்டிக் கடை வாசலில் நிற்பது போல நல்ல வாசனைதான். ஹினெக்கைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, "ருசி நல்லாத்தான் இருக்குடா. ஆனா இதென்ன, இருமல் மருந்து மாதிரி விரல்கடை ஊத்துற? கஞ்சப்பயலே, கோப்பைய ரொப்புடா!" என்றான். கல்யாணத்துக்கு வைத்திருக்கிறேன், போடா என்று அனுப்பிவிட்டேன். ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான்.

அவன் சொல்லித்தான் நான்கிலும் ஜெலட்டின் கரைத்து ஊற்றினேன். அது கலங்கலைப் பிடித்து அடியில் உட்காரவைக்கும் என்றான். தினமும் காலையில் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் ஒரு விரல்கடை பிடித்து, பார்த்துவிட்டுத் தொட்டியில் கொட்டுகிறேன். ஜெலட்டின் போட்டபின் இன்னும் மோசமாக வருகிறது.

யாரோமிருக்கு இப்போதே சொல்லிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

எத்தனையாவது கோப்பை என்று கேட்டிருந்தாய். முதல் கோப்பைதான்.

லுபோர்


புர்னோ,
செப்டம்பர் 12

லுபோர்,

உன் நாக்கு என்ன சொல்கிறது என்று கேட்டேன். நீ ஹினெக்கின் நாக்கு சொன்னதை எழுதியிருக்கிறாய். பார்த்தேன், மோந்தேன், அவன் சொன்னான். நான் குடித்தேன் என்ற ஒரு வார்த்தை இல்லை. எதையோ மறைக்கும்போதெல்லாம் நீ இப்படித்தான் சுற்றி வளைப்பாய். பீர் புளித்துவிட்டது, அதைச் சொல்லப் பயப்படுகிறாய் என்றுதான் எனக்குப் படுகிறது. அறுபது பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் யார் பதில் சொல்வது? நாளைக் காலையில் யாரோமிருக்குப் போன் செய்யப்போகிறேன்.

*13-ஆம் தேதி, காலை*

நேற்று இதைத் தபாலில் போடவில்லை. போன் செய்யவும் இல்லை. உன் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். "தொட்டியில் கொட்டுகிறேன்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

உன் பீருக்கு ஒன்றும் இல்லை. பீப்பாய்க்குள் பீரை உறிஞ்சி எடுக்கும் குழல் அடிவரை இறங்குகிறது. ஈஸ்ட் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். இப்போது ஜெலட்டினும் மிச்சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு குழலின் வாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. திறந்ததும் வருவது அந்த மண்டிதான். ஒரு கோப்பை, இரண்டு கோப்பை போனால்தான் அந்த இடம் சுத்தமாகி மேலே இருக்கும் தெளிந்த பீர் இறங்கும். நீ தினமும் விரல்கடை மண்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, பீரே கெட்டுவிட்டது என்று அழுகிறாய். ஒவ்வொரு பீப்பாயிலும் இரண்டு முழுக் கோப்பையை ஒரே மூச்சில் பிடித்துக் கொட்டு. மூன்றாவதைத் தூக்கிப் பார். பீப்பாயை மட்டும் அசைக்காதே.

பீர் குடிக்கிற எவனுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்காது. முதல் நாளே நின்ற இடத்தில் மூன்றாவது கோப்பைக்கு வந்திருப்பான். இத்தனை வருஷத்தில் நீ ஒரு விரல்கடையோடு நிறுத்தியதை நான் பார்த்ததே இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை, லுபோர். இதற்கு முன் 'விட்டுவிட்டேன்' என்று நீயாக நான்கு தடவை சொன்னாய், நான்கு தடவையும் நம்பினேன். இந்தத் தடவை நீ சொல்லவில்லை. சொல்லாமலே இரு.

ஹெத்விகா


லிபொவா,
செப்டம்பர் 17

அன்புள்ள ஹெத்விகா,

நீ சொன்னபடியே செய்தேன். மூன்றாவது கோப்பைக்குப் பின்னால் ஹினெக்கின் செய்தித்தாளைப் பிடித்து, கால்பந்துச் செய்தியை வரி விடாமல் படித்தேன். நான்கு பீப்பாயும் அப்படியே. அந்த நான்கு கோப்பையையும் ஹினெக்தான் குடித்தான். வேலிவரைகூட நேராக நடக்க முடியவில்லை அவனால். யாரோமிருக்கு ஆலைப் பீர் வேண்டாம் என்று சொல்லிவிடு.

மற்றதைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

ஆனால் இப்போது வேறொன்று. நேற்று யாரோமிர் போன் செய்தார். நல்ல மனுஷன், சிரித்துச் சிரித்துப் பேசினார். "சம்பந்தி, பீப்பாயைத் திறக்கிறது பொண்ணோட அப்பா. முதல் கோப்பையும் உங்களுதுதான். ரெண்டு குடும்பமும் சுத்தி நிக்கணும், நீங்க கீழ வைக்காம ஒரே மூச்சுல காலி பண்ணணும். நான் சத்தமா எண்ணுவேன்!" என்றார். ஆகட்டும் சம்பந்தி என்றேன். வேறென்ன சொல்வேன்?

போனை வைத்ததிலிருந்து வேறெதையும் நினைக்க முடியவில்லை. மற்ற எந்தக் கோப்பை என்றாலும் தட்டிக்கழித்துவிடுவேன். வயிறு சரியில்லை என்பேன், வண்டி ஓட்ட வேண்டும் என்பேன். இதைத் தட்டிக்கழிக்க வழி தெரியவில்லை. குடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குடிக்காவிட்டால் அறுபது பேருக்கும் காரணம் சொல்ல வேண்டும், அதுவும் அவளுடைய நாளில். பீர் தெளியாமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றுகிறது.

பீப்பாய்களை ஹினெக்கின் வண்டியில் அனுப்பிவிடட்டுமா? நான் வரவில்லை என்றால் யாரும் பெரிதாகத் தேட மாட்டார்கள்.

லுபோர்


புர்னோ,
செப்டம்பர் 20

அன்புள்ள லுபோர்,

பீப்பாய்களை மட்டும் அனுப்பாதே. வழியில் குலுங்கி எல்லாம் மறுபடி கலங்கிவிடும். கல்யாணத்துக்கு முந்தைய நாளே நீயே கொண்டு வா. ராத்திரி முழுக்க அவை அசையாமல் நிற்க வேண்டும். உனக்கு மாடியறையில் படுக்கை போட்டிருக்கிறேன்.

யாரோமிரிடம் பேசினேன். வீட்டுப் பீரில் முதல் கோப்பை வெறும் மண்டி, அதைக் குடிக்கச் சொன்னால் சம்பந்தியை அவமானப்படுத்தியது போல ஆகிவிடும் என்றேன். பொய்யும் இல்லையே. அவர் சிரித்துவிட்டு, "ஆமா ஆமா, எங்க ஆலையிலயே முதல்ல வர்றதைச் சாக்கடையிலதான் விடுவோம். அப்ப மூணாவதை அவர் குடிக்கட்டும்!" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அபொலேனா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பா குடிக்கிறதில்லையா?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

"உன்கிட்ட சொன்னாரா?"

"சொல்லல."

"சொல்லலயா?" என்று திரும்பவும் கேட்டாள். நீ எதையும் சொல்லாமல் செய்தது அவளுக்கும் புதிது.

பிறகு சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். அவளிடம் நான் எதுவும் கேட்டு வாங்கவில்லை, உனக்காக வாக்கும் கொடுக்கவில்லை.

"பீப்பாய்கிட்ட நான் நிக்கிறேன். அப்பா மூணாவது கோப்பையைப் பிடிச்சு என் கையில குடுக்கட்டும். பொண்ணுதான் முதல்ல குடிக்கணும்னு நான் சொல்லிக்கிறேன், யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. ஆனா எனக்கு நீட்டணும். அவர் வாய்க்குப் போச்சுன்னா, அதுக்கப்புறம் அவர்கிட்ட எனக்குப் பேச்சே இல்ல."

வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் வந்து சேர்.

ஹெத்விகா