சரிபார்க்காத அட்டை

என் மருமகளே, ஷமீமாக் கண்ணே,

நீ இருக்கும் இடம் வெளிச்சமாக இருக்கட்டும். உன் மாமா எழுதுகிறேன். படித்தது எட்டாவதுதான், ஆனால் அந்தக் காலத்து எட்டாவது இன்றைய எம்.ஏ.வுக்குச் சமம் என்று உனக்கே தெரியும்.

பல்கலைக்கழக நூலகத்தில் நீ ஏற்பாடு செய்த கடலோடிகள் கண்காட்சியை, நீ இல்லாமலே திறந்தார்கள். நான் கொடுத்த மரப்பெட்டிக்குத் தனிக் கண்ணாடிப் பேழை! பிரான்சிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். சரி, வந்தது அங்கிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பிய கோட்டுச்சேரிக்காரர் ஒருவர்தான்.

பெட்டியைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? என் பாட்டனார் சைகோன் போகும் கப்பலுக்குக் கேப்டன், இது அவர் திசைகாட்டி வைத்திருந்த பெட்டி என்றேன். நீ மூடியைத் திறந்து முகர்ந்தாய்.

"கேப்டன் பெட்டியில ஏன் மாமா பட்டையும் கிராம்பும் மணக்குது?"

"புயலடிச்சா கேப்டனுக்குப் பசிக்காதா புள்ள?"

சிரித்துக்கொண்டே நான் சொன்னபடி அட்டையில் எழுதினாய். பின்பக்கம் பென்சிலால் ஏதோ குறித்தாய். "எங்க வழக்கம் மாமா. யாரு சொன்னாங்கன்னு பின்னால குறிச்சு வைப்போம்" என்றாய். அடுத்த வாரம் அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. ஏன் அவ்வளவு அவசரம் உனக்கு?

இப்போது நடப்பதைக் கேள். உன்னோடு வேலை பார்த்த நெரவிக்கார மல்லிகா போன் செய்தாள். "மாமா, தெனம் காலையில வந்து பாத்தா அட்டை திரும்பிக் கெடக்குதுங்க. சாவி என்கிட்டதான் இருக்கு."

நான் பயப்படுகிறவனா? போனேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. பெட்டிக்கு முன்னால் அட்டை குப்புறக் கிடந்தது. உன் பென்சில் எழுத்து: 'மாமா சொன்னது. சரிபார்க்கவில்லை.'

"காத்தா இருக்கும்" என்றேன்.

"கண்ணாடிக்குள்ள ஏதுங்க காத்து?"

அட்டையை நிமிர்த்திப் பூட்டி, சாவியை நானே சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையிலும் குப்புற. கூடம் முழுக்கப் பட்டை, கிராம்பு வாசனை. "யாரு வீட்டு கல்யாணம்ங்க, தாளிக்கிற மாதிரி மணக்குது?" என்றாள் மல்லிகா. நீயா அது? இல்லை, பாட்டனாரா?

கண்காட்சியையொட்டிய பொது உரைக்கு அழைப்பிதழில் 'கேப்டனின் பேரன்' என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள். பேழை இருந்த கூடத்துக்கே ஐந்நூறு பேர் வந்திருந்தார்கள். எழுந்து நின்று சைகோன் புயலை ஆரம்பித்தேன். 'கேப்டன்' என்று வாயெடுத்ததும், எல்லாரும் பார்த்திருக்க, பேழைக்குள் அட்டை மெல்லச் சாய்ந்து கவிழ்ந்தது.

"அவரு கேப்டன் இல்லீங்க" என்றேன். "கப்பல்ல சோறாக்குன பண்டாரி. இது அவரோட மசாலாப் பெட்டி. பள்ளிக்கூடத்துல 'பண்டாரி பேரா'ன்னு கேலி பண்ணுவானுவ. அன்னிக்கு ஆரம்பிச்ச பொய்யிங்க இது."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். கோட்டுச்சேரிமேட்டு மீன்காரம்மா ஒருவர் பின்வரிசையிலிருந்து கேட்டார்: "அவ்வளவு தூரத்துக்கு என்னங்க ஆக்கிப் போட்டாரு?"

நான் என்றைக்காவது தெரியாது என்று சொல்லியிருக்கிறேனா ஷமீமா? அன்று சொன்னேன்: "தெரியாதுங்க." அவரை ஒளித்துவைத்ததில் அவரைப் பற்றி ஒன்றுமே கேட்டுவைக்கவில்லை.

மல்லிகா புது அட்டை கொடுத்தாள். 'கப்பல் பண்டாரியின் மசாலாப் பெட்டி' என்று என் கோணல் எழுத்தில் எழுதினேன். பின்பக்கத்தை வெறுமையாக விட்டுப் பூட்டினோம். மறுநாள் காலை அட்டை திரும்பவில்லை. நானேதான் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பென்சிலில், உன் சாய்வெழுத்தில், 'மாமா சொன்னது.' அதோடு நின்றிருந்தது.

பாட்டனார் என்ன சமைத்தார் என்று ஊரில் மிச்சமிருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, கேட்டதை மட்டும் கொண்டுவந்து வைப்பேன். இது சத்தியம். இன்னொன்று: கூட்டத்துக்கு வந்தது ஐந்நூறு பேர் இல்லை, முப்பத்தொரு பேர். நீயும் உட்கார்ந்திருந்தாய் என்றால் முப்பத்திரண்டு.

இப்படிக்கு,
பண்டாரியின் பேரன், உன் தாய்மாமன்