ஜூலை பதினாலில் நான் சுட்ட சோடா பாட்டில்

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி,
17 ஜூலை 1934

அன்பு மகன் அல்போன்சுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் தங்கை லூர்துசெல்வியும் சுகம், கடல் தாண்டி சைகோனில் இருக்கும் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலை முடிவில் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதம் போன கப்பலில் கிடைத்தது. காவல் வேலையில் எல்லாம் சரியாக இருந்தும் துப்பாக்கிப் பரீட்சையில் மட்டும் இரண்டு முறை தவறிவிட்டாய் என்றும், செப்டம்பரிலும் குறி அட்டையில் குண்டு படாவிட்டால் வேலையை விட்டு நீக்கிக் கப்பலேற்றிவிடுவார்கள் என்றும், அப்படி நேர்ந்தால் வீட்டுக்கு வரமாட்டேன், எங்காவது போய்விடுவேன் என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்த நாளிலிருந்து இந்தத் தெருவில் ஆளுக்கு ஆள் உனக்கு யோசனை சொல்கிறார்கள். விசையை வெடுக்கென்று இழுக்காமல் முறுக்கு பிழிவது போல மெதுவாக அழுத்தச் சொல்கிறாள் லூர்துசெல்வி. கத்தரிக்காய் தின்றால் கை நமைக்கும், பரீட்சை முடியும்வரை அதைத் தொடக்கூடாது என்பது எதிர்வீட்டுக் கன்னியம்மாளின் கட்டளை. உன் அம்மா அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறாள். அவர் தொலைந்துபோனதைத்தான் தேடிக் கொடுப்பார், ஆகவே நீ இதுவரை சுட்ட குண்டெல்லாம் சீக்கிரம் கிடைத்துவிடும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அன்று என் குழம்பில் மட்டும் மீன் இல்லை.

இனி என் யோசனை. கவர்னர் மாளிகை வாசலில் சிப்பாயாக நின்ற காலத்தில் நான் துப்பாக்கியைத் தோளில் சுமந்ததோடு சரி, மற்றபடி அதைத் தொந்தரவு செய்ததில்லை என்பது உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. அதனால் பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசத் திருநாள் கொண்டாட்டத்துக்குக் கடற்கரைக்குப் போனபோது, காற்றுத் துப்பாக்கியும் பலூன் பலகையுமாகக் கடை போட்டிருந்த பக்கிரி, வாங்க முசியே, நீங்க சுடாம வேற யாரு சுடறது என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிட்டதும் எனக்கு மார்பு விரிந்துவிட்டது. இருந்த கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேறு வந்திருந்தேன். சைகோனில் இருக்கும் என் மகனுக்குப் பாடம் எழுத வேண்டும், எல்லோரும் பாருங்கள் என்று நானே கூட்டம் கூட்டினேன். கூடிவிட்டது. காலை அகட்டி நின்றேன், மூச்சைப் பிடித்தேன், ஒரு கண்ணை மூடுகிறேன் என்று இரண்டையும் மூடிவிட்டேன் போலிருக்கிறது. பலூன்கள் எல்லாம் அப்படியே ஆடிக்கொண்டிருக்க, பக்கத்தில் அம்மாவாசை என்பவனின் கடையில் அடுக்கியிருந்த சோடா பாட்டில் ஒன்று படாரென்று வெடித்து என் கோட்டையே நனைத்தது. இவுருதான் இத்தினி வருசம் கவர்னர காவல் காத்தாரா, அவுரு உசுரோட இருந்ததே பெரிசு என்று எவனோ சொல்ல, கடற்கரையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உன் அம்மா, குடுங்க இப்படி என்று துப்பாக்கியை வாங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நட்டநடுவிலிருந்த சிவப்பு பலூனை உடைத்துவிட்டாள். துப்பாக்கியைத் தொட்டறியாதவள்! எப்படி என்று வழியெல்லாம் கேட்டேன். என்னை யாரு பாத்தாங்க, எல்லாரும் உங்களப் பாத்து இல்ல சிரிச்சிக்கினு இருந்தாங்க, நான் பலூனப் பாத்தேன் என்றாள்.

மகனே, எனக்கு அங்கேயே உறைத்தது. நான் பலூனையா பார்த்தேன்? பக்கிரி பார்க்கிறானா, கூட்டம் பார்க்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் என் பிள்ளைதானே, கோவிலில் பாடும்போதுகூட சுவாமியார் முகத்தைப் பார்த்து ராகத்தை விட்டவன். அங்கே முதுகுக்குப் பின்னால் நிற்கும் துரை என்ன நினைக்கிறார் என்பதில்தான் உன் கவனமெல்லாம் இருக்கும், அட்டைக்கு எங்கே மிச்சம் இருக்கும்? துரை நின்றுவிட்டுப் போகட்டும். அட்டையை மட்டும் பார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்து, ஒரு கண்ணை மட்டும் மூடு, லூர்துசெல்வி சொன்ன முறுக்கையும் நினைத்துக்கொள், அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கத்தரிக்காய் உன் இஷ்டம்.

மறுநாள் மீன் வாங்கப் போனேன், இன்னிக்கு எந்த பாட்டிலுங்க என்று கேட்டார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிட்டு நல்ல சங்கராவாகப் பார்த்து வாங்கி வந்தேன். ஊர் சிரித்ததால் எனக்குச் சோறும் குறையவில்லை, தூக்கமும் கெடவில்லை. செப்டம்பரில் நீ தவறினாலும் உனக்கும் அப்படித்தான். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். பரீட்சை முடிந்ததும் எப்படி ஆனாலும் ஒரு வரி எழுது, கால்சராய்ப் பையில் ஜெபமாலை இருக்கட்டும். ஆண்டவரும் மாதாவும் உன்னைக் காப்பார்களாக.

கடைசியாக ஒன்று. எங்காவது போய்விடுவேன் என்ற அந்த வரியை இனி எழுதாதே. அதைப் படித்த அன்று உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவேயில்லை. உன் கைக்குக் குறியே வராது என்கிறாயே, அந்த ஒரு வரி அவள் நெஞ்சில் சரியாகப் பட்டது.

உன் அன்பு அப்பா,
சவரிராயன்