ஐந்து ஐம்பத்தைந்துக்குப் பிறந்தவள்

ஆகஸ்ட் 6

இந்த வேலையையும் நினாத் என் தலையில் கட்டிவிட்டான். என்னிடம் தொழில் கற்றவன். இப்போது என் மேலதிகாரி. "கேத்கர் சார், ஜாதகமெல்லாம் உங்கள மாதிரிப் பெரியவங்களுக்குத்தான் புரியும்." எனக்கு நாற்பத்தொன்பது.

எங்கள் திருமணச் செயலிக்கு ஒரு ஜோதிடச் சேவையின் வெப்ஹுக். நம் முகவரியைக் கொடுத்துச் சந்தா சேர்ந்துவிட்டால் நாம் கேட்கவே வேண்டாம். கிரகம் நகர்ந்தால் அந்த ஜாதகத்துக்கு என்ன பலன் என்று அவர்களே அனுப்புவார்கள். 'பெறப்பட்டது' என்று நம்மிடமிருந்து பதில் போகவேண்டும். போகாவிட்டால் அதையே திரும்பத் திரும்ப அனுப்புவார்கள்.

சோதிக்க ஒரு ஜாதகம் வேண்டும். விரல்கள் தாமாகவே அடித்தன: பெண், சாத்தாரா, நவம்பர் 3, 1979, காலை 5:55.

என் தங்கை சுலபா. ஆனால் அவள் பிறந்தது 5:10-க்கு.

ஆகஸ்ட் 7

முதல் செய்தி வந்துவிட்டது. "கணவரின் அன்பு கூடும்."

ஆகஸ்ட் 12

இதை எங்கும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

5:10 என்றால் செவ்வாய் ஏழில், தோஷம். வந்த வரன்களெல்லாம் திரும்பிப் போயின. தங்கை வீட்டில் இருக்கும்வரை எனக்குக் கல்யாணம் இல்லை என்றார் அப்பா. எனக்கு முப்பது வயது, காத்திருந்தேன். ஒருநாள் ஜாதகத்தை நானே புதிதாகக் கணித்து எழுதினேன். நாற்பத்தைந்து நிமிடம் தள்ளினால் போதும், செவ்வாய் நகர்ந்துவிடும். நான் படித்தவன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அதனால் தவறாகவும் படவில்லை.

கல்யாணமான இரண்டாம் வருடம் அவள் கணவன் சாலை விபத்தில் போனான். மாமியார் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்து நேரத்தைப் பார்த்தாள். சுலபாவைப் பெட்டியோடு எங்கள் வாசலில் இறக்கிவிட்டாள். ஏமாற்றியது அம்மாதான் என்று சுலபா முடிவு கட்டினாள். அம்மா மறுக்கவில்லை. யார் செய்தது என்று அம்மாவுக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மூன்று வருடம் முன் அம்மா இறந்தபோதும் சுலபா வரவில்லை. அதற்கு அவளைத்தான் திட்டினேன். இன்றுவரை.

ஆகஸ்ட் 19

சோதனைப் பிரிவு மிருண்மயி என் திரையை எட்டிப் பார்த்தாள். "யாரு சார் இந்த அம்மா? குடுத்து வச்சவங்க. வர்றதெல்லாம் நல்லதாவே வருது."

"யாருமில்ல. டெஸ்ட் டேட்டா."

"டெஸ்ட் டேட்டாவுக்கு வந்த வாழ்வப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

ஆகஸ்ட் 23

இன்றைய செய்தி: "சகோதரரால் நன்மை உண்டு."

பதில் அனுப்பும் நிரலை நிறுத்தினேன். ஒரு நிமிடம் கழித்து அதே செய்தி. ஐந்து நிமிடம் கழித்து. பிறகு மணிக்கொரு தடவை. சகோதரரால் நன்மை உண்டு. சகோதரரால் நன்மை உண்டு.

ஆகஸ்ட் 29

"சார், நாம பதிலே அனுப்பறதில்லையாம், புகார் வந்திருக்கு" என்றான் நினாத். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய்யில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சந்தாவை நீக்க ஒரு பொத்தான் போதும். கை போகவில்லை. ஏன்? அந்த ஐந்து ஐம்பத்தைந்துப் பெண் எங்கோ இருக்கிறாள். நாசிக்கில், மாடி வீட்டில். கணவன் வண்டியை நிறுத்தும் சத்தத்துக்கு எழுந்து டீ போடுகிறாள். இன்று கர்வே சாலையில் பஸ்ஸில் பார்த்தேன் - பச்சைப் புடவை, சுலபாவின் கழுத்து. திரும்பினாள். வேறு யாரோ.

செப்டம்பர் 5

மதியம் சுலபாவுக்குப் போன் செய்தேன். கோலாப்பூரில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் சத்தம் பின்னால் கேட்டது.

"சொல்லுங்கண்ணா. யாராவது செத்துட்டாங்களா?"

சொன்னேன். நேரத்தை மாற்றியது நான். அம்மா இல்லை. அந்த ஐந்து ஐம்பத்தைந்துக்காரிக்கு வரும் செய்திகளையும் சொன்னேன், பைத்தியக்காரன் போல.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடும் சத்தம். அது அடங்கியது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் அவ மூஞ்சியப் பாக்கக்கூட வரலையேடா."

பிறந்ததிலிருந்து அவள் என்னை 'டா' சொன்னதில்லை. வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 6

ஒன்றுமில்லை. மணிக்கொரு தடவை அதே செய்தி.

செப்டம்பர் 14

அம்மாவின் திதி 22-ம் தேதி என்று அவளுக்கு மூன்றாம் முறையாக எழுதினேன். பதில் இல்லை. பதில் வராமல் திரும்பத் திரும்ப அனுப்புகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

செப்டம்பர் 22

பத்து மணிக்கு வந்தாள். என்னைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போனாள். சமையல்காரம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு வடையைத் தானே தட்டினாள்.

மொட்டைமாடியில் இலை வைத்தோம். காகம் இறங்கவில்லை. தண்ணீர்த் தொட்டி மேலேயே உட்கார்ந்திருந்தது. காகம் தொடாவிட்டால், இறந்தவர்களுக்கு என்ன குறை என்று யாராவது வாய்விட்டுச் சொல்லவேண்டும். நான் சொன்னேன்: "நான்தாம்மா மாத்தினேன். அவகிட்ட சொல்லிட்டேன்." காகம் அசையவில்லை. சுலபா குனிந்து இலையருகே ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. காகம் வந்தது.

சாப்பிட்டாள். கிளம்பி, படியில் இறங்கும்போது நின்றாள். திரும்பவில்லை.

"அவ எப்படி இருக்கா? அந்த இன்னொருத்தி."

"நல்லா இருக்கா."

"இருக்கட்டும். அழிச்சுடாத."

அவள் பஸ் ஏறிய பிறகு கணினியைத் திறந்தேன். பதில் நிரலை மீண்டும் ஓடவிட்டேன். காத்திருந்த செய்தி வந்தது. நம் பக்கத்திலிருந்து ஒரே சொல் போனது: பெறப்பட்டது.

அதன் பிறகு அந்தச் செய்தி வரவில்லை.