இடைவேளைக்கு முன்பே மாட்டிக்கொண்ட பல் டாக்டர்

ஆவடி,
9-7-1994,
சனிக்கிழமை மாலை.

அன்புள்ள லோகநாயகிக்கு,

கஸ்தூரி எழுதுகிறேன். ஜபல்பூரில் மழை தொடங்கியிருக்கும். நீயும் உத்தமன் அண்ணனும் குழந்தை பார்வதமும் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும்.

இதற்கு முன் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபம் தீரவில்லை என்று தெரிகிறது. பதினான்கு வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துவிட்டு, மாற்றலாகி ரயிலேறும் நாளில் என் முகத்தைப் பார்க்காமல் போனாய். இந்தக் கடிதத்தையாவது கிழிப்பதற்கு முன் முழுவதும் படித்துவிடு. இன்று மத்தியானம் ஒன்று கண்டுபிடித்தேன். தியேட்டரிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, புடவைகூட மாற்றாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் பொய் சொல்லவில்லை, லோகா! பல் டாக்டர் நிஜமாகவே இடைவேளைக்கு முன்பு மாட்டிக்கொண்டான்!

நடந்தது உனக்கு மறந்திருக்காது. நாம் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: ஒருத்தி முதலில் பார்த்துவிட்டால் இடைவேளை வரைக்கும்தான் கதை சொல்லலாம். அந்த வெள்ளிக்கிழமை குழாயடியில் நானும் அதைத்தான் செய்தேன். மலை ஓட்டலில் மூன்று கொலை, ஒவ்வொரு சாவுக்கும் முதல் ஆளாக அழும் பல் டாக்டர், பிறகு அவனே கொலைகாரன் என்று போலீஸ் கையைப் பிடிப்பது. அங்கே இடைவேளை விட்டார்கள், நானும் அங்கே நிறுத்தினேன். மீன் கூடையை இறக்கி வைத்த நாகம்மா, “இன்னாம்மா நீ, கிளைமாக்ஸையே புட்டுப் புட்டு வெச்சிட்ட! கடைசி ரீல்ல இல்ல அவன் மாட்டிக்குவான்? நான் அம்பத்தூர்ல பாத்துட்டு வந்து வாயத் தொறக்காம கீறேன்!” என்று சிரித்தாள். இல்லை, இடைவேளையில்தான் என்று நான் சாதித்தேன். குழாயடியே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. “டிகிரி படிச்சவதானே நீ? இடைவேளை எது, முடிவு எதுன்னு தெரியாதா? நான் பாக்கக் கூடாதுன்னே சொல்லிட்ட” என்றாய். மறுநாள் நாம் சேர்ந்து போக வேண்டிய மேட்னிக்கு, பெட்டி கட்ட வேண்டும் என்று வர மறுத்துவிட்டாய்.

இந்த மூன்று வாரமும் எனக்கே என் மேல் சந்தேகம். என் கண்ணே என்னை ஏமாற்றியதா? இன்று நான்காவது வாரம், கடைசி நாட்கள் என்று போஸ்டரில் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, போய்விட்டேன். பெண்கள் பக்கம் பத்துப் பேர்கூட இல்லை. படத்துக் கதாநாயகி டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாக மாடி ஏறினாள் பார், முன் வரிசையில் ஒருத்தர், “தே, மேல போவாத! அங்கதான் கீறான்!” என்று அலறினார். இரண்டாம் தடவை பார்க்கிற எனக்கும் உள்ளங்கை வேர்த்தது. யார் கொலைகாரன் என்று தெரிந்தும் பயமாக இருக்கிறது, லோகா. தெரிந்துவிட்டால் ருசி போய்விடும் என்று நாம் நினைத்தது அவ்வளவு சரியில்லையோ என்னவோ.

விளக்குப் போட்டார்கள். இடைவேளை. பல் டாக்டர் மாட்டவேயில்லை! சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்தே நின்றுவிட்டேன். நேராக ஆபரேட்டர் அறை மாடிப்படிக்குப் போனேன். கீழே கன்னியப்பன் டி.வி.எஸ். வண்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்பத்தூர் தியேட்டரும் நம் தியேட்டரும் ஒரே பிரிண்டைப் பங்கு போட்டு ஓட்டுவதும், அங்கே ஓடிய ரீலை இவர்தான் பெட்டி பெட்டியாக இங்கே கொண்டுவருவதும் உனக்குத் தெரிந்ததே. போன மாதம் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை மேட்னியில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அத்த ஏன்க்கா கேக்குற! நேரமாயிடுச்சுன்னு பறந்துகினு வந்தேன், நடு பொட்டிக்குப் பதிலா கடேசிப் பொட்டியத் தூக்கினு வந்துட்டேன். இங்க ஜனம் ஒரே விசிலு. ஆபரேட்டரு பாக்காம மாட்டிட்டாரு. டாக்டரு கைய போலீஸ் புடிச்சதும்தான் தெரிஞ்சுது. ‘அடப்பாவி, இன்னாடா கீது இது!’ன்னு லைட்டப் போட்டு இடைவேளை வுட்டுட்டாரு. அதுக்குள்ள நான் ஓடிப்போய் நடு பொட்டியத் தூக்கினு வந்தேன். ஒருத்தராவது கேக்கணுமே? ஊஹூம்!”

நான் எப்படிக் கேட்பேன்? அப்புறம் வந்ததையெல்லாம் பிளாஷ்பேக் என்று நம்பி, இப்படிக்கூடக் கதை சொல்ல ஒருவனுக்குத் துணிச்சல் இருக்கிறதே என்று மெய்மறந்து உட்கார்ந்திருந்தேன். வரும் வழியிலேயே நாகம்மாவிடம் சொன்னேன். “சரி, நீ சொன்னதும் நெஜம், நான் சொன்னதும் நெஜம்” என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டு வஞ்சிரத் துண்டு அதிகமாகப் போட்டாள்.

போன வாரம் ஒரு பறக்கும் வீரன் படமும் பார்த்தேன், என் வீட்டுக்காரரோடு. பச்சைச் சட்டைக்காரன், தமிழில் பேச வைத்திருக்கிறார்கள். ஒற்றைக் கையால் பஸ்ஸைத் தூக்குகிறான். உன் ரகுநாதன் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பம்பரைப் பிடித்துத் தூக்கினால் பம்பர்தான் கையோடு வரும், பஸ் வராது என்று பக்கத்து சீட்டுக்காரருக்குப் பாடமே நடத்திவிட்டார். எனக்கு வேறு குறை. அவனுக்கு எதுவும் ஆகாது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. எதுவும் ஆகாதவனுக்காக நான் ஏன் பயப்பட வேண்டும்? பறக்கிற காட்சியில் மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். மேலேயிருந்து ஊரெல்லாம் பொம்மை மாதிரி தெரிந்தது. அப்படிப் பறந்தால் ஜபல்பூர் எத்தனை நேரம் என்றும் ஒரு கணக்குப் போட்டேன்.

ரீல் மாறியது கன்னியப்பன் தப்பு. அதை அவர் மேல் போட்டுவிட்டு இங்கேயே கையெழுத்திடலாம் என்றுதான் பேனாவை மூடினேன். ஆனால் நீ கோபித்துக்கொண்டது ரீலுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை சேர்ந்து போகலாம் என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமையே நான் தனியாகப் போனேனே, அதற்காக. ஏன் போனாய் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்று சொல்லியிருக்க மாட்டேன். நீ போன பிறகு நான் தனியாகப் போய் ஒரு படம் பார்க்க முடியுமா என்று பார்க்கத்தான் போனேன். நீ ஊரில் இருக்கும்போதே பழகிக்கொண்டால் வலிக்காது என்று நினைத்தேன். நாற்பத்து மூன்று வயதில் செய்கிற காரியமா இது? படம் அருமையாக இருந்தது. பக்கத்து சீட்டில் என் கைப்பையை வைத்திருந்தேன்.

உன் பழைய வீட்டுக்குத் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. நல்ல பெண்தான். சினிமா என்றால் தலைவலி என்கிறாள்.

மன்னித்தேன் என்று நீ எழுத வேண்டாம். உன் புது வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது, பார்வதத்துக்கு இந்தி வருகிறதா, பேச ஒருத்தியாவது கிடைத்தாளா என்று எழுது. கிடைத்திருந்தால் எனக்குச் சந்தோஷம். கிடைக்கவில்லை என்றாலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். இது நல்ல மனசு இல்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

குழந்தைக்கு என் முத்தம். உத்தமன் அண்ணனுக்கு வணக்கம். நீ எந்தக் குறையும் இல்லாமல், நிறைய பேர் நடுவில் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும். ஒரே ஒரு வரியாவது போடு, லோகா. தபால்காரர் வருகிற நேரத்தில் நான் வெளியே எங்கும் போவதில்லை.

இப்படிக்கு,
உன் பக்கத்து வீட்டு,
கஸ்தூரி